கடலோரக் குழு அறைக்குச் சூரிய மின்சாரமும் இணையமும்: பேனல் பிறகுதான்

பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம், தொண்டி என ராமநாதபுரம் கரையின் எந்த ஊரிலும் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு தன் அறையில் சூரிய மின்சாரம் அமைக்கலாம். செல்பேசி சார்ஜ், இணையம், பணப் பரிமாற்றம், அரசு விண்ணப்பம் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதற்கான வழிமுறை இது. கணக்குகள் எல்லாம் 20 முதல் 30 பேர் பயன்படுத்தும் ஓர் அறைக்கு உரியவை.

பல இடங்களில் பேனல்தான் முதலில் வந்து இறங்குகிறது. எங்கே வைப்பது, எதற்கு வைப்பது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. கீழே உள்ள வரிசையில் பேனல் ஆறாவது படியில்தான் வரும். முந்தைய ஐந்து படிகளில் ஒன்றைத் தாண்டிப் போனாலும் பின்னால் அதற்கு இரட்டைச் செலவு ஆகும்.

1. யார், எத்தனை மணிக்கு வருவார்கள்?

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒரு வாரத்துக்கு எழுதுங்கள்: யாரிடம் என்ன போன், பட்டன் போனா தொடுதிரையா, எந்த முனை சார்ஜர், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியலில் கிளம்பி, நீர் வற்றும் நேரம் பார்த்து வேலை செய்து, மதியத்துக்கு மேல் கரையேறுகிறார்கள். மீன் கூடைக்காரர்கள் இருட்டோடு ஏலத்துக்குப் போய்விடுவார்கள். கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு வெயில் சாயும்வரை வேலை. ஆக, பேனல் அதிகமாகத் தரும் காலை 10 முதல் மாலை 3 மணிவரை அறையில் ஆளும் இருக்காது, போனும் இருக்காது. கூட்டம் சேர்வது 5 மணிக்கு மேல்.

ஊருக்குள் ஒரு கடைக்கு வைக்கும் சோலாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பகலில் வரும் மின்சாரம் அப்படியே மாலைக்கு மாற வேண்டும் என்பதால் பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது. பேனலில் 100 வாட் குறைந்தால் சமாளித்துவிடலாம். பேட்டரி குறைந்தால் 7 மணிக்கே அறை இருண்டுவிடும்.

2. ஆதார், சிம், வங்கிக் கணக்கு: முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை

ஒயர் வேலை மூன்று நாளில் முடியும். காகித வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதை இரண்டாவதாக வைத்திருக்கிறது.

ஒவ்வொரு பெண்ணின் ஆதாரோடும் எந்த எண் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கணவர் எண்ணோ மகன் எண்ணோ இருக்கும். விண்ணப்பம் போடும் நேரத்தில் ஓ.டி.பி. அவருடைய போனுக்குப் போகும். அவரோ கடலில் இருப்பார், சிக்னல் இருக்காது. பத்து நிமிடத்தில் அந்த ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். எனவே முதலில் அவரவர் பெயரில் ஒரு சிம், அடுத்து அந்த எண்ணை ஆதாரில் சேர்ப்பது, அதற்கு அடுத்து அதே எண்ணை வங்கியில் கொடுப்பது. வரிசை மாறினால் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும்.

பாசியும் மீனும் கையாளும் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். பாறையில் கீறாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தாலும் தேய்மானத்தைத் தடுக்க முடிவதில்லை. ஆதார் மையத்தில் ரேகை ஏறவில்லை என்று திருப்பி அனுப்பினால், கருவிழிப் பதிவைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டு நேரே மையத்துக்குப் போகாதீர்கள். ஊறிச் சுருங்கிய விரலைக் கருவி படிக்காது.

ஒருவருக்கு இரண்டு மூன்று வங்கிக் கணக்குகள் இருந்தால், அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் வரும். ‘உரிமைத்தொகை வரவில்லை’ என்று அலைகிறவர்களில் சிலருக்குப் பணம் மறந்துபோன பழைய கணக்கில் கிடக்கும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்க்கலாம்.

3. மின் கணக்கு

ஒவ்வொரு பொருளுக்கும் வாட்டை மணியால் பெருக்குங்கள்.

- எல்.இ.டி. விளக்கு 4, தலா 9 வாட், 5 மணி நேரம்: 180 வாட்-மணி
- பி.எல்.டி.சி. (குறைந்த வாட்டில் ஓடும்) மின்விசிறி 2, தலா 30 வாட், 7 மணி நேரம்: 420
- செல்பேசி 15, ஒன்றுக்கு 20: 300
- 4ஜி ரூட்டர் 10 வாட், 10 மணி நேரம்: 100
- லேப்டாப் 45 வாட், 4 மணி நேரம்: 180
- இங்க் டேங்க் பிரிண்டர்: 15
- இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்குத் தின்பது, 12 வாட், 10 மணி நேரம்: 120

மொத்தம் 1,315 வாட்-மணி. கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டரை இரவும் பகலும் அணைக்காமல் விட்டால் அந்த 120, 288 ஆகிவிடும். அதைக் கொண்டு கூடுதலாக 8 போன் சார்ஜ் போட்டுவிடலாம். அறையைப் பூட்டும்போது இன்வெர்ட்டரை அணைப்பது கட்டாயம்.

சாதாரண மின்விசிறி 70 வாட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டை மாற்றினால் ஒரு நாளைக்கு 500 வாட்-மணிக்கு மேல் மிச்சம். பேனலைக் கூட்டுவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு.

லேசர் பிரிண்டர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி, டீ கெட்டில் எதுவும் இந்த அமைப்பில் கிடையாது. கெட்டில் ஒன்றே 1,500 வாட். ‘ஒரே ஒரு தடவை’ என்று செருகியதும் இன்வெர்ட்டர் அலறி நின்றுவிடும்.

அடுத்து, பேட்டரி, ஒயர், சூடு, உப்புப் படிவு எல்லாவற்றிலும் போகும் இழப்புக்காக 0.7 ஆல் வகுங்கள்: 1,879. இந்தக் கரையில் வெயில் தாராளம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஒரு நாளுக்கு 4 மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைப்பதே பத்திரம். 1,879 ஐ 4 ஆல் வகுத்தால் 470 வாட். 335 வாட் பேனல் இரண்டு போட்டால் 670 வாட். அந்த உபரி தேவைதான்.

4. மின்வாரிய இணைப்போடு சேர்ந்ததா, பேட்டரியோடா?

இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம், மின்வாரிய இணைப்போடு சேர்த்து வைக்கும் வீட்டுக் கூரை அமைப்புக்கு. அந்த வகை இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். புயல் நேரத்தில் போன் சார்ஜ் வேண்டும் என்பதற்காகச் சோலார் வைக்கும் குழு இதை வாங்கினால், தேவைப்படும் நாளில் அது ஓடாது. குழு அறைக்குப் பேட்டரியோடு கூடிய தனி அமைப்பே சரி.

5. இடம் பார்ப்பது: தடைக்கால நிழலை நம்பாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள் என்பதால் இடம் பார்ப்பதும் அப்போதுதான் நடக்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

ராமேஸ்வரம் ஏறக்குறைய 9.3 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். தெற்குப் பக்கம் நிற்கும் பனை அப்போது எந்தத் தொந்தரவும் தராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் அதே பனையின் நிழல் பேனல்மீது ஏறிவிடும். வெயில் குறைவான மாதத்தில் நிழலும் சேர்ந்துகொள்ளும். பேனல் மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த மரத்தின் நிழல் டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலேயே 6 மீட்டருக்கு மேல் நீளும். காலை, மாலையில் இன்னும் கூடுதல். எனவே தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்கில் மரம், தண்ணீர்த் தொட்டி, செல்பேசிக் கோபுரம் இருந்தால் உயரத்துக்கு ஒன்றரை மடங்காவது தள்ளி வையுங்கள். பனை ஓலையின் ஒற்றை நிழல்கூடப் பேனலின் ஒரு வரிசையையே முடக்கும். ‘கொஞ்சம் நிழல்தானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

பேனல் தெற்கு நோக்கி 10 பாகைச் சாய்வில் இருக்கட்டும். அதற்கும் குறைத்தால் மழைநீர் வழியாமல் கீழ் விளிம்பில் உப்பும் மண்ணும் கட்டிக்கொள்ளும். அதிகமாக நிமிர்த்தினால் காற்று பிடித்துக்கொள்ளும்.

காங்கிரீட் தளம் உள்ள கட்டடம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஓடு, தகரம், கீற்றுக் கூரையில் ஏற்றக் கூடாது. பக்கத்தில் தரையில் காங்கிரீட் அடித்தளம் போட்டுத் தனித் தாங்கி நிறுத்துங்கள். கருவாடு காயும் இடத்துக்கு அருகே வேண்டாம். அங்கே வரும் காக்கைகள் பேனலை எச்சத்தால் மூடிவிடும்.

6. வாங்க வேண்டியவை

பேனல்: 335 வாட் இரண்டு. 550 வாட் ஒற்றைப் பேனல் விலை குறைவாகவே வரும். ஆனால் ஒன்று உடைந்தாலும் மற்றொன்றில் அறை ஓடும் என்பதும், புயலுக்கு முன் இரண்டு பேர் சேர்ந்து இறக்கிவிடலாம் என்பதும் இங்கே முக்கியம். உப்புக் காற்றுச் சோதனைச் சான்றான ஐ.இ.சி. 61701 இருக்கிறதா என்று கேளுங்கள். பேனலின் பின்புறச் சீட்டிலோ விவரத் தாளிலோ இருக்கும்.

சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி): பேனலிலிருந்து முழுதாகக் கறக்கும் எம்.பி.பி.டி. வகை, 30 ஆம்பியர், உள்ளீடு 100 வோல்ட். விலை குறைந்த பி.டபிள்யு.எம். வகை, 38 வோல்ட் பேனலை 26 வோல்ட் பேட்டரி அளவுக்கு இழுத்து வைத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் வீண்.

பேட்டரி: 25.6 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று, அல்லது 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈயப் பேட்டரி) இரண்டு. முதலாவது 2,560 வாட்-மணி. 80 சதவீதம் எடுக்கலாம். இரண்டாவது 3,600; பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும். இரண்டிலும் கையில் வருவது 1,800 முதல் 2,000 வரை: ஒரு நாளும், வெயிலே இல்லாத இன்னொரு நாளின் மாலையும் தாங்கும். டியூபுலருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், காற்றோட்டம் வேண்டும், ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும். பணம் இருந்தால் லித்தியம். பணம் இல்லையென்றால் டியூபுலர், ஆனால் தண்ணீர் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

இன்வெர்ட்டர்: 24 வோல்ட், 1000 வி.ஏ., சைன் வேவ். கடையில் 12 வோல்ட் எளிதாகக் கிடைப்பதால் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு இரு மடங்கு ஆம்பியர் ஓடும். ஒயரும் முனையும் சுடும்.

ஒயர்: பேனலிலிருந்து கன்ட்ரோலர்வரை 6 சதுர மி.மீ. செம்பு சோலார் கேபிள். 10 மீட்டர் தூரத்துக்கு இழப்பு 3 சதவீதம். வீட்டில் மிச்சம் கிடக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரைப் போட்டால் 10 சதவீதத்துக்கு மேல் போகும், ஒயரும் கொதிக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 16 சதுர மி.மீ., ஒன்றரை மீட்டருக்குள்.

பாதுகாப்பு: பேனல் பக்கம் 32 ஆம்பியர், கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே 40 ஆம்பியர், இரண்டும் டி.சி. எம்.சி.பி. (அளவுக்கு மேல் ஓடினால் தானே விழும் சுவிட்ச்). இன்வெர்ட்டர் வழியில் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 63 ஆம்பியர் ஃபியூஸ். இடி மின்னலில் பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்ப டி.சி. எஸ்.பி.டி. ஒன்று. எம்.சி.பி.யில் ‘டி.சி.’ என்று அச்சடித்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போடும் ஏ.சி. எம்.சி.பி., டி.சி. தீப்பொறியை அணைக்காது, பெட்டிக்குள்ளேயே எரியும்.

7. தாங்கி: உப்போடு போடும் சண்டை

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் துருவைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மா இல்லை. சாதாரண இரும்புக்குப் பெயின்ட் அடித்துத் தாங்கி செய்தால், ஒரே மழைக்காலத்தில் பெயின்ட்டுக்குள் கொப்புளம் வந்துவிடும்.

ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய) இரும்போ அலுமினியமோ போடுங்கள். துளை போடுவது, வெட்டுவது எல்லாம் கால்வனைஸ் செய்வதற்கு முன்பே முடியட்டும். மாடியில் நின்றுகொண்டு துளையிட்டால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். தவிர்க்க முடியாவிட்டால் உடனே சிங்க் பெயின்ட் இரண்டு கோட்.

போல்ட், நட் எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 கடலோரத்தில் பழுப்பு ஏறும். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் நைலான் அல்லது ரப்பர் வாஷர். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரிபோல வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும்.

மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ விசையோடு மோதும். இரண்டு பேனலும் சேர்ந்து 4 சதுர மீட்டர் என்றால் 400 கிலோ. நாலு செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்துவது இதற்குப் போதாது. தளத்தில் கம்பி இறக்கி, கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை ஊற்றிக் கம்பியை இறுக்குவது) போட்டு, அதன்மேல் காங்கிரீட் பீடம் கட்டுங்கள். துளை போட்ட இடத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அன்றே வேண்டும். இல்லையென்றால் கட்டடக்காரர் மழைக்குப் பின் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள். சூடு ஏற ஏற பேனல் தருவது குறையும்: 60 டிகிரியில் 12, 13 சதவீதம் காணாமல் போகும்.

ஒயர் கட்டும் வெள்ளை நைலான் டை வெயிலில் ஓராண்டில் பொடிந்துவிடும். கறுப்பு யு.வி. டை, அல்லது ஸ்டெயின்லெஸ் டை.

8. எர்த்

எர்த் போடும் ஆட்கள் பழக்கத்தில் உப்பும் கரியும் கொட்டுவார்கள். இந்த மண்ணில் உப்பு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. இரும்புக் குழாய் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். செம்பு பூசிய 3 மீட்டர் கம்பியும் பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) கலவையும் போடுங்கள். மேல்மணல் கோடையில் காய்ந்து மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஆழம் முக்கியம். அளந்தால் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளவை மழை பெய்த மறுநாள் எடுக்காமல் கோடையில் எடுங்கள்.

9. இணைக்கும் வரிசை

பேனல்களைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெயில் பட்டாலே எதிலும் இணைக்காத பேனலில் 46 வோல்ட் நிற்கும். அதற்குச் சுவிட்ச் கிடையாது.

எல்லா எம்.சி.பி.யும் கீழே தள்ளி, அணைந்தே இருக்கட்டும். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணைத்து அதன் எம்.சி.பி.யை மேலே தள்ளுங்கள். கன்ட்ரோலர் இது 24 வோல்ட் அமைப்பு என்று பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேனலை முதலில் கொடுத்தால் தவறாகக் கணித்துவிடும், சில மாடல்கள் எரிந்தும் போகும். திரையில் வோல்ட் தெரிந்த பிறகு பேட்டரி வகையைத் தேர்வு செய்யுங்கள்: லித்தியத்துக்கு முழுச் சார்ஜ் 28.4 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் அளவு) 27.2. ஈக்வலைசேஷன் (வேண்டுமென்றே கூடுதலாகச் சார்ஜ் ஏற்றுவது) இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஈயப் பேட்டரிக்கு உரியது.

இரண்டு பேனலையும் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணையுங்கள். சீரிஸில் (ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸோடு) போட்டால் 92 வோல்ட், கன்ட்ரோலரின் 100 வோல்ட் வரம்பை உரசிக்கொண்டு நிற்கும். மல்டிமீட்டர் வைத்துப் பிளஸ், மைனஸ் பார்த்துவிட்டுப் பேனல் எம்.சி.பி.யைப் போடுங்கள். கடைசியில் இன்வெர்ட்டர். கழற்றும்போது இதற்குத் தலைகீழ்: இன்வெர்ட்டர், பேனல், பேட்டரி.

பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். செருகும்போது ‘டக்’ என்று கேட்க வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பின்கள் பொருந்துவதுபோலத் தெரியும், உள்ளே தளர்வாக இருந்து உருகும். ஒயரை அறைக்குள் கொண்டுவரும் இடத்தில் ஒரு வளைவைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். இன்வெர்ட்டரின் காற்றுத் துளைக்குச் சன்னமான ஸ்டெயின்லெஸ் வலை. பல்லி உள்ளே போய்ச் செத்தால் போர்டும் சேர்ந்து போகும்.

ஈயப் பேட்டரியானால் இன்வெர்ட்டரின் குறைந்தபட்ச வோல்ட்டை 23க்கு உயர்த்துங்கள். கம்பெனி வைத்து அனுப்பும் 21இல் பேட்டரி துடைத்து எடுக்கப்பட்டுவிடும்.

10. இணையம்

மூன்று கம்பெனி சிம்மைக் கடன் வாங்கி, காலை, மதியம், இரவு 8 மணி என்று அறைக்குள்ளேயே சோதியுங்கள். 8 மணிச் சோதனைதான் உண்மையைச் சொல்லும், ஊரே சீரியலும் வீடியோவும் பார்க்கும் நேரம் அது. சிக்னல் அளவு (டி.பி.எம். கணக்கில்) மைனஸ் 90க்கு மேல் இருந்தால் நன்று. மைனஸ் 110க்குப் போனால் ரூட்டருக்கு மாடியில் ஆன்டெனா தேவை.

ரூட்டரை இன்வெர்ட்டரில் செருகாமல், 24ஐ 12 வோல்ட்டாக்கும் சின்ன கன்வெர்ட்டர் வழியே பேட்டரியில் கொடுக்கலாம். புயல் நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு இணையத்தை மட்டும் வைத்துக்கொள்ள இது உதவும்.

தனுஷ்கோடிப் பக்கம் இலங்கைக் கோபுரங்களின் சிக்னலும் எட்டும். சர்வதேச ரோமிங்கை எல்லாப் போன்களிலும் அணைத்து வையுங்கள்.

11. சார்ஜ் போடும் மேசை

15 முனை உள்ள யு.எஸ்.பி. சார்ஜர் பெட்டியைவிட, 5 முனைப் பெட்டி மூன்று மேல். ஒன்று போனாலும் மற்றவை ஓடும். ஒவ்வொரு இடத்துக்கும் எண் ஒட்டுங்கள். நோட்டில் பெயர், எண், வைத்த நேரம்.

கடலிலிருந்து நேரே வந்த போனை உடனே செருகக் கூடாது. முனையில் உப்புநீர் இருந்தால் மின்சாரம் பாய்ந்ததும் பின் பச்சை பூத்து அரித்துவிடும். துடைத்து, முனை கீழ்நோக்கி இருக்க, காற்றில் சில மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பதால் பயனில்லை, மாவுத்தூள்தான் உள்ளே ஏறும். முதுகு உப்பிய போனை எவ்வளவு கெஞ்சினாலும் மேசையில் ஏற்றாதீர்கள்; அது பேட்டரி வீக்கம், தீப்பிடிக்கும்.

12. கற்றுக்கொடுக்கும் வரிசை

பணம் அனுப்புவதில் தொடங்கினால் பயம் வந்துவிடும், அப்புறம் போனைத் தொடமாட்டார்கள். இந்த வரிசை வேலை செய்கிறது: போன் மொழியைத் தமிழாக்கி எழுத்தைப் பெரிதாக்குவது, அழைப்பு, போட்டோ, வாட்ஸ்அப் குரல் செய்தி, தமிழில் பேசித் தேடுவது, வங்கி எஸ்.எம்.எஸ். படிப்பது, கியூ.ஆர். மூலம் பணம் பெறுவது. எல்லாவற்றுக்கும் கடைசியில் பணம் அனுப்புவது. படிக்கத் தெரியாதவருக்கும் குரல் செய்தி முதல் நாளே கைவரும்.

சில பெண்களுக்குத் தமிழ்த் திரை குழப்பும். ‘அமைப்புகள்’ என்றால் என்ன என்று கேட்பார்கள். பல் சக்கரப் படம் என்றால் உடனே புரியும். படத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

பாசி வியாபாரியிடமோ மீன் வாங்குகிறவரிடமோ பணம் பெற, கியூ.ஆர். அட்டை அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும். லேமினேட் செய்து கூடையில் தொங்கவிடுங்கள், காகிதம் ஒரு நாள்கூடத் தாங்காது. ஒட்டும் முன் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபாருங்கள்.

மூன்று விதிகளை வாய்ப்பாடுபோல் சொல்லவைக்க வேண்டும். பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம். சரக்கு வாங்குகிறவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் பணம் ஆகாது. நம் போனில் வந்தால்தான் வந்தது. ஓ.டி.பி.யை வங்கி மேலாளரே கேட்டாலும் இல்லை. உரிமைத்தொகை பெயரைச் சொல்லி வரும் அழைப்புக்கும் இதே பதில்தான். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை ஒதுக்க வேண்டாம். *99# அழுத்தி இருப்பைப் பார்க்கலாம், பணமும் அனுப்பலாம். யு.பி.ஐ. 123பே வழியும் இருக்கிறது.

தடைக்கால வாரங்கள் வகுப்புக்கு ஏற்றவை. ஒரு வகுப்புக்கு 5 பேர், 40 நிமிடம். மகனோ பேரனோ பக்கத்தில் உட்கார்ந்தால் போனைப் பிடுங்கி அவனே செய்துவிடுவான். பையன்களை வெளியே அனுப்புங்கள்.

13. பராமரிப்பும் பணமும்

சாவி இரண்டு பேரிடம். இருவரும் கன்ட்ரோலர் திரையைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். தினமும் காலை பேட்டரி வோல்ட்டை நோட்டில் எழுதினால், பழுதாவதற்கு ஒரு மாதம் முன்பே எண் இறங்குவது தெரிந்துவிடும்.

பேனலைப் பத்து நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்குள் கழுவுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒரு முறை. ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும். ஆழ்குழாயின் உவர்த்தண்ணீரில் கழுவினால் அது காய்ந்து வெள்ளைப் படலமாக நிற்கும், கழுவாமல் இருப்பதே மேல். முதலில் ஊற்றி மணலை வழியவிடுங்கள், பிறகு துணி. காய்ந்த மணலைத் துடைத்தால் கண்ணாடி கீறும். பேட்டரி முனைகளில் வாசலின் தடவி வையுங்கள்.

கட்டணம் எவ்வளவு என்பதைக் குழுக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள், ஆனால் கணக்கை இப்படிப் போடுங்கள்: பேட்டரி விலை 30,000 ரூபாய், நான்கு ஆண்டு ஓடும் என்றால், மாதம் 625 ரூபாய் தனியாகச் சேர வேண்டும். அந்தப் பணத்தைக் குழுவின் சேமிப்பில் கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். கலந்தால் ஆடியில் யாருக்காவது கடனாகப் போய்விடும்.

14. புயல் கூண்டு ஏறினால்

புரட்டாசி முடிவதற்குள் எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏறியதும் விசிறியையும் லேப்டாப்பையும் நிறுத்தி, பேட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள். கூண்டு எண் ஏற ஏற விளக்கு, போன், ரூட்டர் மட்டும். புயல் நேரே வருகிறது என்று தெரிந்தால், காற்று எழுவதற்கு முன், பேனல் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு இரண்டு பேனலையும் கழற்றி அறைக்குள் சுவரோரம் நிறுத்துங்கள். நிரம்பிய பேட்டரி போனுக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் என்றால் மூன்று நாளுக்கு மேல் தாங்கும். காற்று தொடங்கிய பிறகு மாடி ஏற வேண்டாம், பேனல் போனால் போகட்டும்.

ஓய்ந்த பிறகு, மாட்டுவதற்கு முன் முனைகளையும் தாங்கியையும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். புயல் அடித்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பேனலையும் தனியாக மல்டிமீட்டரில் பார்த்து, இரண்டும் ஒரே வோல்ட் காட்டினால்தான் சேர்க்க வேண்டும். பிறகு 9ஆம் படியின் வரிசைப்படி பேட்டரி, பேனல், இன்வெர்ட்டர்.